சக்கரத்தில் ஏறிய தேசம் – 14: லாரி போகும் தூரம்

மெக்டொனால்ட் சகோதரர்கள் கடையை மூன்று மாதம் பூட்டிவைத்து, காருக்கே வந்து பரிமாறும் பெண்களை நிறுத்திவிட்டு, பீங்கான் தட்டு, கரண்டி எல்லாவற்றையும் ஒழித்துக்கட்டி, 1948 டிசம்பரில் புது முறையில் மறுபடி திறந்ததைப் போன அத்தியாயத்தில் பார்த்தோம். அது சான் பெர்னார்டினோவில். அங்கிருந்து மேற்கே நாற்பது மைல் போல வந்தால் பால்ட்வின் பார்க். அந்தச் சிற்றூரில், அதற்கு இரண்டு மாதம் முந்தியே, அக்டோபர் 22 அன்று, ஹாரி ஸ்னைடரும் அவர் மனைவி எஸ்தரும் இன்னொரு பர்கர் கடையைத் திறந்திருந்தார்கள். பத்தடிக்குப் பத்தடி இருக்கும். உள்ளே உட்கார இடம் கிடையாது. காரில் வந்து, ஹாரியே கையால் செய்து பொருத்திய ஒலிபெருக்கிப் பெட்டியிடம் என்ன வேண்டும் என்று சொல்லி, ஜன்னலில் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். கடைக்குப் பெயர் இன்-என்-அவுட்.

புது முறை மெக்டொனால்ட்ஸுக்கும் இன்-என்-அவுட்டுக்கும் ஒரே வருடம்தான் பிறப்பு. அதே வெயில், அதே சாலை, போருக்குப் பின் கார் வாங்கிய அதே ஜனங்கள். ஆனால் ஹாரி இறந்த 1976-இல் இன்-என்-அவுட்டுக்கு இருந்தவை மொத்தம் 18 கிளைகள். மெக்டொனால்ட்ஸ் அதே ஆண்டு தன் நாலாயிரமாவது கடையைத் திறந்தது.

நாலாயிரத்தின் கதையை எழுத ஆள் நிறைய. இந்த வாரம் பதினெட்டின் கதை. அமெரிக்காவில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இப்படி ஒரு கடை இருக்கிறது. டெக்சஸ்காரருக்கு வாட்டபர்கர். ஒஹையோ, இண்டியானா பக்கம் ஒயிட் கேசில். தென் மாநிலங்களில் கிறிஸ்டல். நெப்ராஸ்காவில் ரன்ஸா. அந்தந்த ஊர்க்காரரிடம் கேட்டால் "எங்கள் கடை ருசி வேறெங்கும் வராது" என்பார்கள். பிரியாணி விஷயத்தில் ஆம்பூர்க்காரரும் திண்டுக்கல்காரரும் ஒத்துப்போகிற நாள் வந்தால் இவர்களும் ஒத்துப்போவார்கள். ருசிச் சண்டையில் நான் தலையிடப் போவதில்லை. இந்தக் கடைகளின் கணக்கைப் பார்க்கையில் எனக்குக் கண்ணில் படுவது வேறு இரண்டு கேள்விகள். முதலாளி யாரிடம் கடன் வாங்கினார்? கறி எந்த ஊர்க் கிடங்கிலிருந்து வந்தது? எல்லையைப் போட்டவை பெரும்பாலும் இந்த இரண்டும்தான். பாசம் பிறகு வந்தது.

முதலில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1906-இல் அப்டன் சின்க்ளேரின் 'தி ஜங்கிள்' நாவல் வந்தபின், சிகாகோ கறித் தொழிற்சாலைகளின் அழுக்கு ஊரறிந்த சங்கதியானது. கொத்திய மாட்டுக்கறி என்றாலே, அதற்குள் என்னத்தைப் போட்டு அரைத்தார்களோ என்று முகம் சுளிக்கிற காலம். பர்கர் அப்போது திருவிழாவிலும் ஆலை வாசலிலும் விற்கிற பண்டம். குடும்பத்தோடு போய்த் தின்கிற பொருள் அல்ல. கான்சஸ் மாநிலத்து விச்சிட்டா ஊரில் 1916 முதல் பர்கர் சுட்டுவந்த சமையல்காரர் வால்டர் ஆண்டர்சன். அவரோடு 1921-இல் பில்லி இங்ராம் என்ற வீட்டுமனை, காப்பீட்டுத் தரகர் கூட்டுச் சேர்ந்தார். 700 டாலர் கடன் வாங்கி ஒயிட் கேசிலை ஆரம்பித்தார்கள். ஒரு பர்கர் 5 சென்ட்.

சமையல் ஆண்டர்சனுடையது, மூளை இங்ராமுடையது என்று சொல்லலாம். கடை வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும். கோட்டை மாதிரி கொத்தளம் வைத்துக் கட்ட வேண்டும். அடுப்பும் கறியும் வாடிக்கையாளர் கண்ணெதிரே இருக்க வேண்டும். வேலை செய்பவன் சட்டையில் கறை இருக்கக் கூடாது. பிறகு எனாமல் பூசிய எஃகுத் தகட்டில் கடைகளைச் செய்து, அதற்கென்றே ஒரு துணைக் கம்பெனியும் வைத்தார்கள். காகிதத் தொப்பிக்கு வேறு தனிக் கம்பெனி. 1930-இல் இங்ராம் இன்னும் ஒரு படி மேலே போனார். மினசோட்டா பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஒருவரை 13 வாரம் ஒயிட் கேசில் பர்கரும் தண்ணீரும் மட்டும் சாப்பிடவைத்து, ஆள் திடமாக இருக்கிறார் என்று அறிக்கை வாங்கி, அதை ஊரெல்லாம் சொன்னார். கடைசி நாட்களில் அந்த மாணவர் ஒரு நாளைக்கு இருபதுக்கு மேல் தின்றாராம். இன்றைக்கு இப்படி ஓர் ஆராய்ச்சிக்கு அனுமதி கேட்டால் எந்த நெறிக்குழு கொடுக்கும்?

இங்ராம் 1933-இல் ஆண்டர்சனின் பங்கை வாங்கிக்கொண்டார். அடுத்த ஆண்டு தலைமையகம் ஒஹையோவின் கொலம்பஸ் நகருக்குப் போனது. 1938-இல் விச்சிட்டாவில் இருந்த கடைகளையும் விட்டுவிட்டார்கள். பிறந்த ஊரில் கடை இல்லாத கம்பெனி ஆனது ஒயிட் கேசில். இங்ராமுக்கு ஊர்ப்பற்றெல்லாம் பெரிய விஷயமே இல்லை. கிழக்கே ஆலை நகரங்கள் இருந்தன. மூன்று ஷிப்டு ஓடியது. இரவு இரண்டு மணிக்கு வேலை முடிந்து பசியோடு நடந்து வருகிற ஆட்கள் இருந்தார்கள். கடைகளும் அதற்கேற்ப டிராம் நிறுத்தத்தருகே, ஆலை வாசலருகே அமைந்தன.

அடுப்படியைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். சூடான இரும்புக் கல்லில் பொடியாக நறுக்கிய வெங்காயத்தைப் பரப்புகிறார்கள். அதன்மேல் சதுரக் கறி வில்லைகளை வரிசையாக அடுக்குகிறார்கள். வில்லை ஒவ்வொன்றிலும் ஐந்து ஓட்டை. சின்சினாட்டி கிளை ஒன்றிலிருந்து வந்த இந்த யோசனை 1954-இல் எல்லாக் கிளைக்கும் போனது. வெங்காயத்தின் ஆவி ஓட்டை வழியாக மேலேறிக் கறியை வேகவைப்பதால் திருப்பிப் போடும் வேலை மிச்சம். பன்னையும் மேலேயே கவிழ்த்துவிடுவார்கள். அதுவும் அந்த ஆவியிலேயே மெத்தென்று ஆகிவிடும். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுதான். பிடிக்காதவர்கள் வெங்காய நாற்றம் கையைவிட்டுப் போகாது என்பார்கள். பிடித்தவர்கள் பத்து, இருபது என்று பையோடு வாங்கிப்போவார்கள்.

இந்தத் தொடரின் கதாநாயகனான கார்தான் ஒயிட் கேசிலுக்கு எமனாக வந்தது. 1950-களில் சம்பளம் உயர்ந்த குடும்பங்கள் கார் வாங்கிப் புறநகருக்குக் குடிபோயின. ஆலை வாசலில் கூட்டம் குறைந்தது. புறநகர்களைப் பிடிக்க வேண்டுமானால் ஒரே வருடத்தில் நூற்றுக்கணக்கில் கடை திறக்க வேண்டும். அதற்குக் கடன் வாங்க வேண்டும், அல்லது பெயரை அடுத்தவருக்கு வாடகைக்கு விட வேண்டும். மெக்டொனால்ட்ஸை நாடெங்கும் பரப்பிய ரே கிராக் இரண்டாவதைச் செய்தார். இங்ராம் அமெரிக்காவில் இரண்டையும் செய்ய மறுத்தார். மகன், பேரன், அடுத்த தலைமுறை என்று இன்றுவரை குடும்பச் சொத்தாகவே அது இருக்கிறது, சுமார் 350 கடைகளோடு. கடை போகாத இடங்களுக்கு 1987 முதல் மளிகைக் கடைகளில் உறைந்த பெட்டியாகப் போய்ச் சேர்ந்தது.

2004-இல் ஒரு படம் வந்தது. பெயரிலேயே ஒயிட் கேசில் இருக்கும். கொரிய வம்சாவளி இளைஞன் ஒருவனும் இந்திய வம்சாவளி குமாரும் நியூஜெர்சியில் ராத்திரி முழுக்க இந்தக் கடையைத் தேடி அலைகிறார்கள். மெக்டொனால்ட்ஸைத் தேடி அலைவதாக எடுத்திருந்தால் படம் பத்தாவது நிமிடத்தில் முடிந்திருக்கும். குமாராக நடித்த கால் பென் நிஜத்தில் மரக்கறிக்காரர். படப்பிடிப்பில் அவருக்குக் காய்கறி பர்கர்தான் கொடுத்தார்கள்.

ஒயிட் கேசில் தெற்கே பெரிதாக இறங்கவில்லை. அந்த இடத்தை வேறொருவர் பிடித்தார். டென்னசியின் சட்டனூகாவில் 1932 அக்டோபரில், பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்தபோது, ரோடி டேவன்போர்ட்டும் கிளென் ஷெரிலும் கிறிஸ்டலைத் திறந்தார்கள். இதிலும் சின்னச் சதுர பர்கர்தான், விலையும் 5 சென்ட்தான், பளபளக்கும் கடைதான். ஒயிட் கேசிலைப் பார்த்துச் செய்தது என்பதில் ஒளிவுமறைவு இல்லை. கடுகுச் சாந்து தடவுவதுதான் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம். ஆனால் சட்டனூகாக்காரரிடம் இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டுப் பாருங்கள். ஒயிட் கேசிலில் வளர்ந்தவர் வடக்கத்தியார், கிறிஸ்டலில் வளர்ந்தவர் தெற்கத்தியார் என்று ஆள் பிரிக்கிற அளவுக்கு அது போய்விட்டது. கறியும் பன்னும் வெங்காயமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போதே இவ்வளவு பிரிவினை என்றால், ஊர்க்கடைப் பாசத்துக்கும் நாக்குக்கும் உள்ள தொடர்பு நாம் நினைப்பதைவிடக் குறைவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இனி பால்ட்வின் பார்க்.

ஹாரி ஸ்னைடர் விடிவதற்கு முன் சந்தைக்குப் போய்க் கறியும் காயும் தானே பார்த்து வாங்குவார். எஸ்தர் வீட்டு மேசையில் கணக்கு எழுதுவார். கடன் கூடாது, பெயரை யாருக்கும் விடக் கூடாது, இன்றைக்கு வந்த கறி இன்றைக்கே போக வேண்டும். இவைதான் சட்டம். 1960-களின் பின்பாதியில் மெக்டொனால்ட்ஸ் ஐடஹோவின் சிம்ப்ளாட் கம்பெனியிடமிருந்து உறைந்த உருளைக்கிழங்குத் துண்டுகளை வாங்க ஆரம்பித்தது. கறி வில்லையும் பிறகு உறைந்தே வந்தது. உறைந்த பொருளுக்குத் தூரம் ஒரு பொருட்டல்ல. ஒரே ஆலையிலிருந்து பத்து மாநிலத்துக்கு அனுப்பலாம். இன்-என்-அவுட் கடைகளில் இன்றுவரை உறைபெட்டியும் கிடையாது, மைக்ரோவேவும் கிடையாது. கறியைச் சொந்த ஆலையில் எலும்பு நீக்கி அரைத்து வில்லை போட்டு, சொந்த லாரியில் அனுப்புகிறார்கள். ஆலையிலிருந்து ஒரு நாள் ஓட்டத்தில் லாரி போய்ச் சேர முடியாத ஊரில் கடை இல்லை. வரைபடத்தில் அவர்கள் கிளைகளுக்குப் புள்ளி வைத்தால், கறி ஆலைகளைச் சுற்றிப் புள்ளிகள் அடர்ந்து கிடப்பது தெரியும்.

கடைக்குள் நுழைந்தால் வாடிக்கையாளர் கண்ணெதிரே ஒரு பையன் நின்றுகொண்டிருப்பான். தோல் சீவிய முழு உருளைக்கிழங்கை ஒரு இரும்புக் கருவியில் நிறுத்தி, கைப்பிடியை ஓங்கி இழுப்பான். கீழே தொட்டியில் விரல் விரலாக விழும். அது அப்படியே சூரியகாந்தி எண்ணெய்க்குள். பையனுக்குச் சிவப்பு ஏப்ரன், அதை இடுப்பில் பிடித்திருக்கும் பெரிய ஊக்கு, தலையில் காகிதத் தொப்பி. பலகையில் இருப்பது ஹாம்பர்கர், சீஸ்பர்கர், இரட்டை வில்லை வைத்த டபுள்-டபுள், ஃப்ரைஸ், மில்க் ஷேக், பானங்கள். கோழி கிடையாது, காலை உணவு கிடையாது. பலகையில் எழுதாத பட்டியல் ஒன்றும் உண்டு. கடுகு தடவிச் சுட்ட வில்லையும் வதக்கிய வெங்காயமும் கேட்டால் 'அனிமல் ஸ்டைல்'. கறியே வேண்டாம், பன்னும் சீஸும் காயும் போதும் என்றால் 'கிரில்டு சீஸ்'.

இந்தக் கடைசி அயிட்டம் நம்மவர்களுக்கு உபகாரமானது. சூரியகாந்தி எண்ணெய் விஷயமும் சாதாரணமில்லை. அமெரிக்க மெக்டொனால்ட்ஸ் 1990-இல் மாட்டுக்கொழுப்பை விட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறியதாக அறிவித்தது. ஃப்ரைஸில் மாட்டிறைச்சிச் சுவைச்சாறு தொடர்ந்து சேர்க்கப்படுவது பிறகு தெரியவந்தது. இந்து மரக்கறிக்காரர்கள் 2001-இல் வழக்குப் போட, அடுத்த ஆண்டு மன்னிப்போடு ஒரு கோடி டாலர் கொடுத்துச் சமரசமாகப் போனார்கள். கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கிற சைவத் தமிழர் இன்-என்-அவுட் வாசலில் தைரியமாக நிற்பதற்குப் பின்னால் இப்படி ஒரு பழங்கதையும் உண்டு.

ஹாரிக்குப் பின் பொறுப்பேற்ற மகன் ரிச்சுக்கு அப்போது 24 வயது. பதினெட்டை அவர் 93 ஆக்கினார். 1992-இல் முதன்முதலாக மாநில எல்லையைத் தாண்டி லாஸ் வேகாஸில் திறந்தவரும் அவரே. கோப்பையின் அடிவிளிம்பில் யோவான் 3:16 என்று பைபிள் வசன எண்ணைப் பொடி எழுத்தில் அச்சடிக்கவைத்தவரும் அவரே. 1993 டிசம்பரில் விமான விபத்தில் இறந்தார். அண்ணன் கை (Guy) ஸ்னைடர் பொறுப்புக்கு வந்து, 1999-இல் அவரும் போனார். எஸ்தர் அம்மாள் 2006-இல் இறக்கும்வரை கம்பெனி அவர் நிழலில் இருந்தது. 2010 முதல் கை ஸ்னைடரின் மகள் லின்சி ஸ்னைடர் தலைவி. இத்தனை சாவிலும் பங்குச் சந்தைக்குப் போகவில்லை, பெயரை விற்கவில்லை. 1993-க்கும் 2010-க்கும் நடுவில் நியூயார்க் வங்கிக்காரர்கள் எத்தனை பேர் கம்பெனி வாசலில் வந்து நின்றிருப்பார்கள் என்பது ஊகிக்கக்கூடியதுதான்.

கிடைக்காத பொருளுக்குக் கிராக்கி எப்படி ஏறும் என்பதற்குக் கொலராடோவைப் பார்க்கலாம். அங்கே புதிதாக ஒரு கறி ஆலையைக் கட்டி முடித்த பின்புதான் கடைகளைத் திறந்தார்கள். 2020 நவம்பரில் அரோரா நகரில் முதல் நாள் கார் வரிசை கடையைச் சுற்றிப் பேரங்காடியைச் சுற்றி வளைந்தது. பதினான்கு மணி நேரம்வரை காத்திருக்க வேண்டும் என்று போலீஸ் எச்சரித்தது. சில டாலர் பர்கருக்கு! கொரோனா உச்சத்தில் வேறு.

கலிஃபோர்னியாக்காரரின் பெருமைப் பேச்சைக் கேட்டு எரிச்சலடையும் முதல் ஆள் டெக்சஸ்காரர்.

கார்ப்பஸ் கிறிஸ்டி, மெக்சிகோ வளைகுடாக் கரையில் இருக்கிற துறைமுக ஊர். 1950 ஆகஸ்டில் அங்கே ஹார்மன் டாப்சன் ஒரு முரட்டு யோசனையோடு கடை போட்டார். மற்றவர்கள் நாலு அங்குல பன்னில் விற்கிறார்களா? நான் ஐந்து அங்குலத்தில் விற்பேன். இரண்டு கையாலும் பிடித்துத்தான் தின்ன வேண்டும். கடித்ததும் 'வாட் எ பர்கர்!' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெயரும் அதுவே: வாட்டபர்கர். விலை 25 சென்ட். அந்த அளவு பன் சந்தையில் இல்லாததால் அச்சுகளைத் தனியாகச் செய்யவைத்தார். டாப்சன் விமானம் ஓட்டுவார். கடை விளம்பரத் துணியை வாலில் கட்டிக்கொண்டு ஊர்மேல் பறப்பார். 1961 முதல் ஆரஞ்சும் வெள்ளையும் பட்டை அடித்த கூம்புக் கூரைகள் நெடுஞ்சாலையில் எழும்பின. தட்டை நிலம், தூரத்திலிருந்தே தெரியும். மேலேயிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும் என்பது விமானியின் ஆசை போலும்.

1967-இல் டாப்சனும் விமான விபத்தில்தான் இறந்தார். ஒயிட் கேசிலின் ஆண்டர்சனுக்கும் பறக்கிற பைத்தியம் உண்டு. கிளைகளைப் பார்க்கக் கம்பெனி விமானத்தில் போய்வருவார்கள். சாலையை நம்பிப் பிழைத்த இந்த வியாபாரத்தில் மூன்று வீட்டிலும் விமானம் நுழைந்திருப்பது விசித்திரம். டாப்சனின் மனைவி கிரேஸ், கடையை விற்றுவிடச் சொன்னவர்களின் பேச்சைத் தள்ளிவிட்டுத் தானே நடத்தினார்.

ஹாரி ஸ்னைடரைப் போல டாப்சன் பிடிவாதக்காரர் அல்ல. 1953-லேயே பெயரை ஃபிரான்சைஸுக்கு விட்டார். 1959-இல் ஃபுளோரிடாவிலும் கடை வந்தது. ஆக, என் லாரிக் கணக்கு வாட்டபர்கரிடம் அப்படியே செல்லாது. அது வேறு வழியில் ஊர்க்காரனானது. 1982 முதல் 24 மணி நேரமும் கடை திறந்திருக்கிறது. இரவு 11-லிருந்து காலை 11 வரை காலைச் சிற்றுண்டி. எண்ணெய்க் கிணற்றில் ஷிப்டு முடிந்தவர், மாட்டுப் பண்ணைக்கு விடியலில் போகிறவர், வெள்ளி இரவு பள்ளிக் கால்பந்து முடிந்து வரும் பிள்ளைகள், குடித்துவிட்டு இரண்டு மணிக்கு வருகிறவர் எல்லாருக்கும் அந்த ஊரில் திறந்திருக்கும் விளக்கு அது ஒன்றுதான். இன்-என்-அவுட் இரவு ஒன்று, ஒன்றரைக்கெல்லாம் மூடிவிடும். மேசையில் வைக்கும் ஆரஞ்சு நிற எண் பலகையை மாணவர்கள் திருடிக்கொண்டு போய் அறையில் வைத்துக்கொள்கிறார்கள். 2001-இல் டெக்சஸ் சட்டமன்றம் இந்தக் கடையை 'டெக்சஸ் பொக்கிஷம்' என்று தீர்மானமே போட்டது. சட்டமன்றங்களுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்கத் தோன்றும். எல்லா நாட்டிலும் கேட்க வேண்டிய கேள்வி அது.

2011 மே மாதம் இன்-என்-அவுட் டாலஸ் புறநகர்களில் இறங்கியது. கடைக்கு முன்னால் ஆலை என்ற சட்டம் இங்கேயும் மாறவில்லை. டாலஸில் கறி ஆலை தயாரான பிறகே ஃபிரிஸ்கோவிலும் ஆலனிலும் கதவு திறந்தது. டெக்சஸ் ஜனம் மணிக்கணக்கில் வரிசையில் நின்று வாங்கித் தின்றது. தின்றுவிட்டு, நம்முடையதற்கு ஈடாகாது என்று சொல்லிக்கொண்டே அடுத்த வாரமும் போய் நின்றது.

உண்மையான அதிர்ச்சி எட்டு வருடம் கழித்து வந்தது. 2019 ஜூனில் டாப்சன் குடும்பம் வாட்டபர்கரின் பெரும்பங்கை சிகாகோவின் பிடிடி கேபிடல் பார்ட்னர்ஸ் நிறுவனத்துக்கு விற்றது. தலைமையகம் சான் அன்டோனியோவிலேயே இருக்கும், பர்கர் மாறாது என்று சொல்லிப் பார்த்தார்கள். யார் கேட்டார்கள்? ஆரஞ்சுக் கூரையை வடக்கத்தியாருக்கு விற்றுவிட்டார்கள் என்று சமூக ஊடகத்தில் ஒப்பாரி. நாமெல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுத் திரும்ப வாங்கிவிடுவோமா என்றுகூடப் பேசினார்கள். முதலீட்டுக் கம்பெனி வந்தால் என்ன ஆகும் என்பது வழக்கமான வழியிலேயே நடந்தது. கடைகள் வேகமாகப் பெருகின. டெக்சஸில் வளர்ந்த கால்பந்து நட்சத்திரம் பேட்ரிக் மஹோம்ஸ் பங்குபோட, கான்சஸ் சிட்டிக்குப் போனது. ஜார்ஜியாவுக்கும் டென்னசிக்கும் போனது. கடைகள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன.

விற்ற பிறகும் பாசம் விட்டதா என்றால், இல்லை. 2024 ஜூலை 8 அன்று பெரில் புயல் ஹூஸ்டனைத் தாக்கியது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் போயிற்று. எந்தப் பகுதியில் கரண்ட் இருக்கிறது என்று காட்டும் மின் நிறுவனத்தின் வரைபடம் அப்போது செயல்படவில்லை. யாரோ ஒருவருக்கு யோசனை தட்டியது: வாட்டபர்கர் செயலியைத் திறந்தார். திறந்திருக்கும் கடைகள் ஆரஞ்சு நிறத்திலும் மூடியவை சாம்பல் நிறத்திலும் தெரிந்தன. இரவும் பகலும் மூடாத கடை மூடியிருந்தால் அங்கே கரண்ட் இல்லை என்று பொருள். நகரமே அதைப் பார்த்து எந்தப் பக்கம் போகலாம் என்று முடிவு செய்தது.

இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. ஜார்ஜியாவில் 1955-இல் பிறந்த வாஃபில் ஹவுஸ் என்ற உணவகம் தென் மாநிலங்களில் மூடாமல் இயங்குவதற்குப் பேர்போனது. அங்கே முழுப்பட்டியலும் கிடைத்தால் பச்சை, பாதிப்பட்டியல் என்றால் மஞ்சள், கடையே மூடியிருந்தால் சிவப்பு என்று புயல் சேதத்தைக் கணிக்கும் வழக்கத்தைக் கூட்டரசின் பேரிடர் துறைத் தலைவராக இருந்த கிரெய்க் ஃபூகேட் பிரபலப்படுத்தினார்.

பர்கரால் பேர் வாங்காத ஊர்க்கடைகளும் இருக்கின்றன. தனி அத்தியாயம் கேட்கிற விஷயம், இங்கே தொட்டுவிட்டுப் போகிறேன். நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் 1949-இல் சாலி எவரெட் தொடங்கிய ரன்ஸா, ரஷ்யாவின் வோல்கா கரையிலிருந்து குடிவந்த ஜெர்மானியர் கொண்டுவந்த பண்டத்தை விற்கிறது: ரொட்டி மாவுக்குள் மாட்டுக்கறியும் முட்டைக்கோசும் வெங்காயமும் வைத்து மூடிச் சுட்டது. கடுங்குளிர் மாதங்களில் செவ்வாய்க்கிழமைகளில் விடிகாலை 6 மணிக்கு எத்தனை டிகிரி ஃபாரன்ஹீட்டோ அத்தனை சென்ட்டுக்கு ஒரு ரன்ஸா தருவார்கள், கூடவே ஃப்ரைஸும் பானமும் வாங்கினால். நெப்ராஸ்கா குளிரில் இது எவ்வளவு மலிவு என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதே 1949-இல் சின்சினாட்டியில் கிரேக்கத்திலிருந்து வந்த நிக்கலஸ் லாம்ப்ரினிடிஸ் ஸ்கைலைன் சில்லி கடையைத் திறந்தார். பட்டை மணக்கிற கறிக் குழம்பை ஸ்பகெட்டிமேல் ஊற்றி, அதன்மேல் துருவிய சீஸை மலைபோலக் கொட்டுவார்கள். டெக்சஸ்காரர் அதைச் சில்லி என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். சின்சினாட்டியில் அதற்கு 'த்ரீ-வே' என்று பெயர்; அந்த வட்டாரத்தைத் தாண்டினால் அந்தப் பெயரைச் சொல்லி வாங்குவது சிரமம்.

இப்போது எல்லாரும் டென்னசியில் கூடுகிறார்கள். கிறிஸ்டல் அங்கேயே பிறந்தது. 2020-இல் திவால் மனு கொடுத்து, கைமாறிப் பிழைத்துக் கிடக்கிறது. நாஷ்வில்லில் ஒயிட் கேசில் ஏற்கெனவே இருக்கிறது. 2022 தொடக்கத்தில் வாட்டபர்கர் வந்தது. 2023 ஜனவரியில் இன்-என்-அவுட், நாஷ்வில்லை அடுத்த ஃபிராங்க்ளினில் கிழக்கு மண்டல அலுவலகம் கட்டப்போவதாக அறிவித்தது. 2025-இல் லின்சி ஸ்னைடர் தாமும் குடும்பத்தோடு அங்கே குடிபோவதாகச் சொன்னார். பால்ட்வின் பார்க் குடும்பம் கலிஃபோர்னியாவை விட்டுப் போகிறதா என்று அங்கே ஒரே கூச்சல். ஃபுளோரிடாக்காரர்கள், எங்களுக்கு எப்போது என்று கேட்டுக் கெஞ்சுகிறார்கள். அவர்களுக்கும் கிழக்குக் கடற்கரை மாநிலங்களுக்கும் இல்லை என்றே லின்சி பதில் சொல்லிவருகிறார். டென்னசிக்கு மட்டும் ஏன் சரி? டெக்சஸில் உள்ள கிடங்கிலிருந்து லாரி அங்கே போய்ச் சேர்ந்துவிடும் என்கிறார்.

(தொடரும்)